ஷெரீப் திருப்பித் தந்த பாத்திரம்

சர்ச் விருந்தில் ஷெரீப் டக்கெட் என் சீஸ் மக்ரோனியை மறுபடியும் தட்டில் போட்டுக்கொண்டார். எங்கள் கவுண்டியின் போலீஸ் முழுக்க அவர் கையில். என் புருஷன் ஹார்லனின் வெல்டிங் டிரக்கும் அவர் கையில்தான்.

வசந்தத்தில் என் தம்பி மகன் அதை இரவல் வாங்கிப் போனான். டக்கெட்டின் ஆட்கள் வழியில் மடக்கி, சீட்டுக்கடியில் போதை மாத்திரை என்றார்கள். பையன் மேல் வழக்கு நிற்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டான். வண்டி வரவில்லை. இங்கே ஆளை விட்டாலும் வண்டி மேலேயே தனி வழக்குப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். வெல்டிங் மெஷினும் அதிலேயே இருந்ததால் ஹார்லனுக்கு வேலையே இல்லை.

இப்போது குற்றம் நிரூபிக்காமல் சொத்தைப் பிடுங்கக் கூடாதென்று மாநிலத்தில் புதுச் சட்டம்.

"நல்ல சட்டம், சிஸ்டர். நானே ஆதரிச்சுப் பேசினேன்," என்றார் டக்கெட். "ஒண்ணாந்தேதி அமலுக்கு வருது. அன்னிக்கு வந்து ஓட்டிட்டுப் போங்க."

"இன்னிக்கே குடுத்தா என்னவாம்?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கே!"

ஹார்லன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்! டக்கெட் மிச்ச மக்ரோனியைப் பாத்திரத்தோடு கேட்டார், கொடுத்தேன். எங்கள் சர்ச்சில் பாத்திரத்தின் அடியில் அவரவர் பெயரை ஒட்டியிருப்போம். யார் வீட்டுக்குப் போனாலும் திரும்பி வந்துவிடும்.

"சர்ச்சுக்கு வர்ற மனுஷன், வெல்டா. எல்லாரையும் சந்தேகப்படாத," என்றான் ஹார்லன்.

"நீ நம்பு. நான் போய்ப் பாக்குறேன்."

தினமும் ஸ்டேஷன் வேலி வழியாக எட்டிப் பார்த்தேன். வண்டி நின்றது. மாதக் கடைசியில் அந்த இடம் காலி.

"கழுவக் கொண்டுபோயிருப்பாங்க," என்றான் ஹார்லன். எரிச்சலாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒண்ணாந்தேதி இருவரும் போனோம்.

"அடடா, நேத்தே ஃபெடரல்காரங்ககிட்ட, அதான் மத்திய அரசுகிட்ட, ஒப்படைச்சிட்டோமே," என்றார் டக்கெட். "மாநிலச் சட்டம் எங்களைத்தான் கட்டும், அவங்களைக் கட்டாது."

"அவங்க வித்தா உங்களுக்குப் பங்கு உண்டா?"

"உண்டு. அது வேற விஷயம், சிஸ்டர்."

டக்கெட் உள்ளே போய் என் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். பளிச்சென்று கழுவியிருந்தது.

"உங்க பேரு ஒட்டியிருந்துச்சு. அடுத்தவங்க பொருள் நமக்கெதுக்கு?"

ஹார்லன் அதைக் கவிழ்த்து என் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பெயர் டிரக்கின் இரண்டு கதவிலும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.