பொன்னியின் இடது கை

ரேகை என்பது ஜோசியக்காரனுக்கு மட்டும் வேண்டிய சமாசாரம் என்றுதான் பொன்னி கிழவியாகும்வரை நினைத்திருந்தாள். சர்க்காருக்கும் அது வேண்டும் என்று செங்கல்பட்டு ஆபீசில் போய் நின்ற அன்றுதான் தெரிந்தது.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் துரைமார் தங்குவதற்குக் கட்டிய சர்க்கார் பங்களாவில் அவள் பெருக்குகிறவள். வெள்ளைக்காரத் துரைகள் போய்க் கதர் துரைகள் வந்த பிறகும் மணல் மட்டும் மாறவில்லை. காலையில் பெருக்கித் தள்ளினால் மத்தியானம் திரும்ப வந்துவிடும். வருகிற மாசத்தோடு அவளுக்கு வேலை முடிகிறது. பென்ஷன் எழுதுவதற்கு முன்னால் சர்வீஸ் ரோலைச் சரிபார்க்க வேண்டும், நேரில் வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேலை நிரந்தரமானபோது எழுதி வைத்த காகிதம் அது. பேர், ஊர், மச்சம், கைநாட்டு எல்லாம் அதில் இருக்கும்.

அவளுக்கு முன்னால் நின்றவன் வரதன், சர்க்கார் வேலையில் இருந்த கல்தச்சன். குமாஸ்தா ராஜகோபாலன் அவன் கையை மையில் அமுக்கிக் காகிதத்தில் வைத்தார். வெறும் கறுப்புதான் விழுந்தது.

"என்னப்பா இது, ரேகையையே காணோம்?"

"கல்லு துன்னுட்ச்சி சாமி."

ராஜகோபாலன் சலித்துக்கொண்டே 'ரேகை தேய்ந்துவிட்டது' என்று எழுதினார். "உன்னைத் தெரிஞ்ச ரெண்டு பேரைக் கூட்டிண்டு வா. இவன்தான் வரதன்னு கையெழுத்துப் போட்டாப் போறும்" என்று அனுப்பிவிட்டார். ஐயோ பாவம், இது என்ன பிழைப்பு என்று பொன்னி உச்சுக்கொட்டினாள். கொட்டிய வாய் மூடுவதற்குள் அவள் முறை வந்தது.

அவள் இடது கட்டைவிரல் அச்சடித்தாற்போல விழுந்தது. ராஜகோபாலன் பூதக்கண்ணாடியை வைத்து அதையும் பழைய ரோலில் இருந்த கட்டைவிரலையும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இது உன் கை இல்லையே."

"என் கைதான் சாமி. இதோ கீதே."

"இது உன் கைதான். ரோல்ல இருக்கறது உன் கை இல்லே. யாரோடது?"

 யாருடையது என்று பொன்னிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அவர்கள் தெருவில் அது ஒரு வழக்கம். வேலையில் இருக்கிற பெண் பிள்ளைப்பேற்றுக்குப் படுத்தால், கூடப் பிறந்தவளோ நாத்தனாரோ விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போவாள். யாராவது கேட்டால் வேலைக்காரியின் பேரையே சொல்லுவாள். பெருக்குகிறவளுக்கு லீவு கொடுக்க எந்த மகராசன் இருந்தான்? இல்லாத லீவை அவர்களே இப்படி எடுத்துக்கொண்டார்கள். அதைத் தப்பு என்று ஒருத்தியும் நினைத்ததில்லை. பொன்னிக்கு வெகுகாலம் கழித்து ஏசுபாதம் பிறந்தபோது தங்கை காசியம்மாள் பங்களாவுக்குப் போனாள். போன இடத்தில், ரோல் எழுத ஒரு குமாஸ்தா சொல்லாமல் கொள்ளாமல் வந்து குதித்தான். "பொன்னி யாரு?" என்றான். இல்லை என்றால் அக்காவின் வேலை போய்விடும். "நான்தாங்க" என்று காசி கையை நீட்டிவிட்டாள். சாயங்காலம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விரலில் மிச்சமிருந்த மையைக் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக வைத்தாள். பொன்னியும் படுத்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இப்போதுதான் வட்டி கேட்கிறார்கள்.

ராஜகோபாலன் குரலைத் தாழ்த்தினார். "ஆள் மாறாட்டம்னு எழுதினா உன் சர்வீஸ் அத்தனையும் போச்சு. பென்ஷன் கிடையாது. போலீஸ் வேற வரும். புரியறதா?" அவள் கைநாட்டு வைத்த காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். "நான் இதைப் பாக்கலே. திங்கக்கிழமை ஆபீசரே ரேகை எடுக்கறார். அதுக்கு மேலே என் கையிலே ஒண்ணும் இல்லேம்மா."

நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களால் முடிந்தது அவ்வளவுதான்.

பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றபோது கழுகு வருகிறது என்று சனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னி குனிந்து கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்ஷன் வராவிட்டால் ஏசுபாதம் செத்துப்போவான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அவனுக்கு மார்ச்சளி. இருமினால் ரத்தம் வருகிறது. பாலும் முட்டையும் மருந்தும் பங்களாச் சம்பளத்தில்தான் வந்துகொண்டிருந்தன. அவனைப் பெற்றதற்காகப் படுத்த நாளே அவனுக்கு எமனாக வந்து நிற்கிறதே என்று நினைத்ததும் பஸ் என்றும் பாராமல் ஓவென்று அழுதுவிட்டாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கழிமுகத்துப் பக்கம் நடந்தாள். அங்கேதான் காசிக்குக் கிளிஞ்சல் காளவாயில் வேலை. கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதித்துப் பொங்கவிட்டுச் சுண்ணாம்பாக்குகிற வேலை.

விஷயத்தைக் கேட்டதும் காசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இதுக்கா இப்டி அழுதுகினு வந்தே? திங்கக்கெழம நான் வர்றேன். பொன்னின்னு சொல்லி வெரல வெச்சிட்டு வர்றேன். அந்த ஆபீசரு உன் மூஞ்சிய கண்டானா, என் மூஞ்சிய கண்டானா?"

"அந்தக் குமாஸ்தா சாமி என்னப் பாத்துக்கீறாரே."

"அவுரு கண்டுக்கமாட்டாரு. காய்தத்தையே கசக்கிப் போட்டவரு."

பொன்னிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தங்கையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றும்போது அந்தக் கை என்னவோபோல் இருந்தது. விரல் நுனியெல்லாம் வழவழவென்று, தேய்ந்த சோப்புக் கட்டிபோல. அவள் சட்டென்று கஞ்சிப் பானையின் அடிக்கரியை வழித்துக் காசியின் கட்டைவிரலில் பூசி, காளவாயின் வெள்ளைச் சுவரில் அமுக்கினாள்.

கறுப்பாக ஒரு பொட்டு. அதில் ஒரு கோடுகூட இல்லை.

"பாவி, ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"வெரலு தேஞ்சிபோச்சின்னு யார்னா ஊரக் கூட்டிச் சொல்லுவாங்களா? நீ வெளக்குமாறு புடிச்சே, நான் சுண்ணாம்பு புடிச்சேன். எனுக்கு ஏதுக்கா ரேகை?"

பொன்னி தலையில் அடித்துக்கொண்டாள். காசியைத் திட்டினாள், சுண்ணாம்பைத் திட்டினாள், வேதக்கோயிலில் கேட்டால் முகம் சுளிக்கிற வார்த்தைகளால் கர்த்தரையும் திட்டினாள். திட்டி ஓய்ந்த பிறகுதான் வரதன் ஞாபகம் வந்தான். அவன் விரலும் வெறும் கறுப்பாகத்தானே விழுந்தது? ரேகை இருந்து ஒத்துப்போகாவிட்டால் குற்றம். ரேகையே இல்லாவிட்டால் சாட்சி போதும்.

அதைச் சொன்னதும் காசி துள்ளினாள். "அப்ப எனுக்கும் சாச்சி இட்டா! வேல முட்ஞ்சிது."

"யாரு வருவாங்க சாச்சிக்கு? பங்களா மேஸ்திரி அப்பாசாமிதான் வரணும். அவுரு தெனம் பாக்கறது என் மூஞ்சிய. ஒன்னக் காட்டி இவதான் பொன்னின்னு சொல்லுவாரா?" பொன்னி மூச்சு வாங்கினாள். "நான்தான் போவணும். என் கையிலதான் ரேகை இருக்கக் கூடாது."

பக்கத்துத் தொட்டியில், காளவாயிலிருந்து வாரிக் கொட்டி ஆறிப்போன கிளிஞ்சல் இன்னும் தண்ணீர் படாமல் கிடந்தது. பொன்னி அதையே பார்த்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று காசிக்குப் புரிந்துவிட்டது.

"யக்கா, வேணாம். எனுக்கு வருசக்கணக்குல தேஞ்ச கை இது. இப்டி ஒரே நாள்ல… வெந்துபூடும்க்கா. தோலு உரிஞ்சிபூடும்."

"உரியட்டும். அதுக்குத்தான்."

"வேற வழி பாக்கலாம்."

"எது? நீயே சொல்லு."

காசி தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள். பொன்னி தொட்டி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கையின் நாலு விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி, கட்டைவிரலை மட்டும் சுண்ணாம்புக்குள் சொருகினாள். "ஒரு வெரலுதானேடி" என்றாள், தங்கைக்குத் தைரியம் சொல்லுகிற மாதிரி.

காசி அழுகையை நிறுத்தினாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் படுகிற பாடு முகத்தில் தெரிந்தது.

"யக்கா."

"இன்னா?"

"அன்னிக்கி அவன் எங்கிட்ட ஒரு வெரலு எடுக்கல. அஞ்சும் எடுத்தான்."

பொன்னி தன் கையைப் பார்த்தாள். இந்தக் கையால்தான் ஏசுபாதத்துக்கு நெஞ்சு நீவிவிடுவாள். தூரத்தில் கடல் இரைந்துகொண்டிருந்தது. அவள் மடக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, கை முழுவதையும் சுண்ணாம்புக்குள் புதைத்தாள்.

"ஊத்து" என்றாள்.