கேள்விக்குறி விழுந்த டோக்கன்

அறையில் இருந்தவர்கள்: கண் மருத்துவமனை மேலாளர், வெப்சைட் நடத்தும் மென்பொருள் ஒன்றை விற்க வந்திருந்த அவர் மச்சினன், வேறொரு இலவச மென்பொருளில் மருத்துவமனை வெப்சைட்டை ஏழு வருஷமாக நடத்திவரும் பெண், வரவேற்பு மேசை அம்மா, ஒரு பிரிண்டர். சண்டையே பிரிண்டரால்தான்.

நோயாளி வெப்சைட்டில் தமிழில் பதிந்த பெயர் திரையில் சரியாகத் தெரியும். டோக்கனில் கேள்விக்குறியாக விழும்.

"அத்தான், இந்த ஓசிச் சாமானைத் தூக்கிப் போடுங்க. எங்க சிஸ்டத்துல சந்தேகம்னா கேக்க நாற்பதாயிரம் பேர் குரூப் இருக்கு. இவங்களுக்கு யாரு இருக்கா?"

"முந்நூறு பேர்," என்றாள் வெப்சைட் பெண். "பாதிப் பேருக்கு வாய் சரியில்ல."

அவனுடைய மாதிரித் தளத்திலும் டோக்கன் எடுத்துப் பார்த்தார்கள். அதே கேள்விக்குறி. மேலாளர் ஒரே போடாகப் போட்டார்: இருவரும் அவரவர் கூட்டத்தில் கேட்கட்டும். மதியம் ஒரு மணிக்குள் யார் பெயரைச் சரியாக அச்சடிக்கிறாரோ, வெப்சைட் அவருக்கு. தோற்றால் அவள் ஏழு வருஷம் முன்பு போல வரவேற்பில் போன் எடுக்கப் போகவேண்டியதுதான்.

பதற்றத்தில் அவள் தன் மென்பொருள்காரர்களின் இணைய மன்றத்தில், வெர்ஷன் நம்பரும் பிழை விவரம் பதிந்த எரர் லாகும் போடாமல் கேட்டுவிட்டாள். அந்த மன்றத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. 'கரடி' என்ற பெயரில் ஒருவர் பாய்ந்தார்: "லாக் எங்க? கைரேகை பார்த்துச் சொல்லவா?" இன்னும் நாலு பேர் சேர்ந்து காய்ச்சினார்கள்.

"உங்காளுங்க நல்லாவே கவனிக்கிறாங்க அக்கா!" மச்சினனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனுடைய குரூப்பில் ஒரே பூங்கொத்துப் படங்கள். "எனக்கும் இதே பிரச்சினை" என்று பதினேழு பேர். பதில் ஒன்றுமில்லை.

அவள் லாகை முழுசாக மன்றத்தில் ஒட்டினாள்.

வரவேற்பு அம்மா அவன் திரையை எட்டிப் பார்த்தாள். "தம்பி, ரெண்டு வருஷம் முன்னாடியே ஒருத்தர் இதக் கேட்டிருக்காரு. படத்துல உங்க மூஞ்சி மாதிரியே இருக்கே?"

அவன்தான். அதற்கும் யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

"தெரிஞ்சேவா என் தலையில கட்ட வந்த?" என்றார் மேலாளர்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கரடி மறுபடி வந்தார்: "உன் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. டோக்கனைப் படமா அனுப்பு. பிரிண்ட் செட்டிங்ஸ்ல கடைசி டிக். அடுத்த தடவ லாகோட வா."

அவள் டிக் அடித்தாள். பிரிண்டர் கரகரத்தது. வரவேற்பு அம்மா சீட்டைப் பிடுங்கி, ஒரு பெரியவரின் பெயரை இனிஷியலோடு கூடம் அதிர வாசித்தாள். "இதோ வந்துட்டேன்!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. மேலாளர் அந்தச் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"வெப்சைட் இவங்க கையிலதான். இனி இதுல பேச்சே கிடையாது."

அவள் மன்றத்தில் "தீர்ந்தது" என்று எழுதி, அடுத்து வருபவனுக்காக வழியையும் படிப்படியாகப் போட்டாள். கரடி அதற்குக் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வைத்தார். அவர் அதுவரை யாருக்கும் வைத்ததில்லை.

"நானும் அந்த மன்றத்துல சேரலாமா அக்கா?" என்றான் மச்சினன், பையைத் தோளில் மாட்டியபடி.

"சேரு. முதல்ல விதிமுறையைப் படி. இப்ப கிளம்பு, எனக்கு வேலை கிடக்கு."

மேலாளருக்கும் வரவேற்பு அம்மாவுக்கும் பின்னால் அவனும் வெளியே போனான். அவள் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டாள்.