தவிட்டுக்கு வாங்கிய குட்டி

எண்பத்து மூன்றாம் வருஷம் பூனைக்கு வைத்தியம் பார்க்கச் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு போன ஒரே ஆள், மதுரை கே.கே. நகரில் சுருளியாகத்தான் இருக்கும். மாட்டாஸ்பத்திரி வரிசையில் கறவை மாட்டையும் கிடாயையும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், கூடைக்குள் பூனை என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். கவர்மெண்டு ஆபீசில் இருபது வருஷம் பியூனாக இருந்தவனுக்குச் சிரிப்பெல்லாம் ஒரு பொருட்டா?

டாக்டர் சிரிக்கவில்லை. அதுதான் சுருளிக்குப் பயமாக இருந்தது.

மூன்று நாளாக வெள்ளச்சிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். தண்ணீர்ச் சட்டிக்கு மேலே வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு வாய் குடிக்காது. டாக்டர் ஊசி போட்டார். "தாங்காதுப்பா" என்றார். பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது பூனைக்குப் பூனை தொத்துற வியாதி. மனுஷனுக்கு வராது. ஆனா கிருமி லேசுல சாகாது. அது படுத்த சாக்கு, தின்ன தட்டு எல்லாத்தையும் எரிச்சிருங்க. ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டுக்குள்ள வேற பூனை கொண்டுவராதீங்க."

திரும்பும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வண்டியூர்க் கண்மாய்க் கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, பெட்டிக்கடையில் தீப்பெட்டி ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி ஒச்சாயி அடுப்படியில் அந்தச் சாக்கை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாலாக மடித்து, மேலே தன் பழைய சேலையை வைத்துத் தைத்த சாக்கு அது. வெறுங்கூடையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சாக்கைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அவ வாசம் இன்னும் இருக்குங்க" என்றாள்.

இதைப் பிடுங்கி எப்படி எரிப்பது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சுருளி நினைத்தான். நாளைக்கு என்பது அவனுக்கு எப்போதுமே சௌகரியமான நாள். ஆபீசிலும் அவனுக்கு அந்தப் பேர் உண்டு.

பிள்ளை இல்லாததால்தான் பூனைமேல் இத்தனை பிரியம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பிள்ளை பெற்றவர்களும்தான் பூனை வளர்க்கிறார்கள். அவர்களை யாரும் காரணம் கேட்பதில்லை. ஒச்சாயி காலையில் பால் காய்ச்சியதும் பழக்கத்தில் ஒரு கரண்டியைத் தனியாக எடுத்து வைப்பாள். பிறகு நினைவு வந்து, அதைத் திரும்பச் சட்டியிலேயே ஊற்றிவிடுவாள். சுருளி பார்க்காத மாதிரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பான்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. கீழக்குயில்குடியிலிருந்து அவள் அண்ணன் மனைவி பாண்டியம்மாள், தங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினாள். ஒச்சாயி முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் உயிர் வந்தது. சுருளிக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. இரண்டு மாதம் வெயில் அடித்திருக்கிறது, வீட்டைத் தினமும் கழுவிவிடுகிறாள், இன்னுமா கிருமி உட்கார்ந்திருக்கும் என்று தனக்குத்தானே வாதாடி, தானே ஜெயித்தும் விட்டான்.

பாண்டியம்மாள் குட்டியோடு வந்தவள் நேரே உள்ளே வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து குட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் பிறந்தது தங்காத வீட்டில், அடுத்ததை இன்னொருத்தி மடியில் போட்டுத் தவிடு கொடுத்து விலைக்கு வாங்குவார்கள். இழிவான பேரும் வைப்பார்கள். ஒன்றுக்கும் உதவாதது என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம். ஒச்சாயியின் அண்ணனே அப்படிப் பிழைத்தவர்தான். ஊரில் அவரைத் தவிடன் என்றுதான் கூப்பிடுவார்கள். ரேஷன் கார்டில் இருக்கும் பேர் அவருக்கே மறந்திருக்கும்.

ஒச்சாயி சொளகில் அரைப்படி தவிட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சொல்லு ஆத்தா" என்றாள் பாண்டியம்மாள்.

"இது எங்க வீட்டுல பொறந்தது இல்ல. தவிட்டுக்கு வாங்குன குப்பை" என்று சொல்லிக் குட்டியை எடுத்துக்கொண்டாள் ஒச்சாயி. சொல்லும்போது முகத்தில் அலட்சியத்தைக் காட்டத்தான் பார்த்தாள். கை மட்டும் குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. குப்பாயி என்று பேர் வைத்தார்கள்.

உள்ளே போனதும் அந்தப் பழைய சாக்கை எடுத்து மூலையில் விரித்தாள். சுருளி பின்னாலேயே வந்து நின்றான்.

"வேற சாக்கு போடலாம்ல."

"ஏன், இதுக்கென்ன? அவ வாசம் இருந்தா இது ஆத்தாளத் தேடாது."

குட்டியும் அதில் சுருண்டு, அழாமல் தூங்கியது. ஒச்சாயி அவனைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் பால் வைக்கும்போது, "வெள்ளச்சி, இந்தாத்தா" என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று தரம் துப்பினாள். எட்டாம் நாள் காலையில் குட்டி பாலுக்கு வரவில்லை. மத்தியானம் தண்ணீர்ச் சட்டிக்கு மேலே வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுருளி அதைக் கூடையில் வைத்து மறுபடி டாக்டரிடம் ஓடினான். ஊசிக்கும் பலன் இல்லை. மறுநாள் காலையில் குட்டி ஒச்சாயியின் மடியிலேயே செத்துப்போனது.

அவள் அழவில்லை. தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"இந்த வாய்தான். இந்த வாயாலதான செத்தவ பேரச் சொன்னேன். எமன் கேட்டுட்டான். நான் கொன்னுட்டேன்."

உதடு கிழிந்து ரத்தம் வந்தது. சுருளி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று அந்த நிமிஷத்திலும் அவனுக்குத் தோன்றியது. பழியை அவள் தன் வாய்மேல் போட்டுக்கொண்டாள்; அவனை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கை திமிறிக்கொண்டு மறுபடி வாய்க்கே போனது.

"உன் வாய் இல்ல பிள்ள" என்றான். "அந்தச் சாக்கு. அத எரிக்கணும், ஒரு வருஷத்துக்கு வேற பூனை கொண்டாரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் உங்கிட்டச் சொல்லல."

அவள் அடிப்பதை நிறுத்தினாள்.

"எப்பச் சொன்னாரு?"

"வெள்ளச்சி செத்த அன்னைக்கு."

"நான் சாக்க விரிக்கையில நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க."

"ஆமா."

அவள் எழுந்து போய் மூலையில் கிடந்த சாக்கைச் சுருட்டினாள். திட்டியிருந்தால், ஊரைக் கூட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாக்கையும் தட்டையும் அவளே கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். பிறகு ஒரு வாரம் அவனுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாள் வந்தாள். விஷயம் கேள்விப்பட்டு, குப்பாயியோடு கூடப்பிறந்த இன்னொரு குட்டியைக் கூடையில் எடுத்து வந்திருந்தாள்.

"தவிட்ட எடுத்துட்டு வா ஆத்தா. இந்தத் தடவை இன்னும் இழிவாப் பேரு வைப்போம்" என்று சொல்லிக்கொண்டே வெளிக்கதவில் கை வைத்தாள்.

"அங்கனயே நில்லுங்க மதினி."

ஒச்சாயியின் குரலில் பாண்டியம்மாள் அப்படியே நின்றாள். குட்டி கூடைக்கு வெளியே கையை நீட்டிக் கத்தியது. ஒச்சாயி இரண்டடி பின்னால் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இந்த வீடெல்லாம் நோவு இருக்கு. என் சேலையிலயும் இருக்கும். அதத் தூக்கிட்டுப் போயிருங்க."

"சரிடி, போறேன். வெயில்ல வந்திருக்கேன், ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போறேன்."

"வேணாம் மதினி. இங்க மிதிச்ச காலோட அது கிட்டப் போவீங்க."

அண்ணன் பெண்டாட்டியைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாசலிலிருந்து திருப்பி அனுப்புவதை எந்த ஊரில் பார்த்திருப்பாள் பாண்டியம்மாள்? முகம் சுண்டிப்போனது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். தெரு முனை திரும்பும்வரை குட்டியின் சத்தம் கேட்டது.

சத்தம் ஓய்ந்தபிறகு ஒச்சாயி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வருஷத்துக்கு எங்க அண்ணன் வீட்டுப் பக்கம் நீங்க போகாதீங்க" என்றாள். "நானும் போகல. பொங்கலுக்கும் போகல."

சுருளி சரி என்றான். அவள் அங்கேயே வாசலில் உட்கார்ந்து, குப்பாயி செத்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.