கொதிக்க வைத்த ஊசி

தலைமை நர்ஸ் ஆனந்தமேரிக்குக் காலையிலேயே தலை இடித்தது. பூட்டுப் பட்டறையில் விரலை நசுக்கிக்கொண்டு கத்துகிறவன், பேய் பிடித்தது என்று கட்டிக் கொண்டுவரப்பட்டவள் என்று எத்தனையோ பேரைச் சமாளித்தவள் அவள். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே ஊசி போடுவதைப் போல ஒரு பாடு வேறில்லை.

அது ஐம்பத்தெட்டாம் வருஷத் தை மாதம். போன ஆனியில் வந்த ஃப்ளூ காய்ச்சல் திண்டுக்கல்லையே படுக்கப் போட்டிருந்தது. நர்ஸ், கம்பவுண்டர் எல்லோரும் வீட்டில் போர்த்திக்கொண்டு கிடக்க, காய்ச்சல் வார்டில் சளியும் வாந்தியும் அள்ளியவர்கள் துப்புரவுக்காரி மாயம்மாளும் அவள் புருஷன் முனியப்பனும்தான். முனியப்பன் அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டான். அவன் வேலையையும் சேர்த்து இப்போது மாயம்மாள்தான் பார்க்கிறாள். அவளையும் பறிகொடுக்க ஆனந்தமேரி தயாராக இல்லை.

பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் இந்த ஊர் வழியாகத்தான் போகும். காய்ச்சலும் கூடவே வரும். அதற்குள் ஊழியர்களுக்குப் போடச் சொல்லிக் குன்னூரிலிருந்து தடுப்பூசி மருந்து வந்தது. வழியில் ஒரு குப்பி உடைந்துவிட்டதால், மிச்சம் கடைசி ஆள் வரைக்கும் எட்டுமா என்பது சந்தேகம். அதனால் ஆனந்தமேரி வரிசையைப் பார்த்து, “மாயம்மா, நீ மொதல்ல வா” என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் வரிசையைக் காணோம்.

வார்டு ஆள் மலைச்சாமி, “பழனிக்கு மால போட்டுருக்கேன் சிஸ்டர். மருந்து முட்டைல செய்யிறதாமே” என்றான். முந்தின நாள்தான் கடை வாசலில் நின்று முட்டை தோசை தின்றான். கழுத்தில் மாலையையும் காணவில்லை. நர்ஸ் செபஸ்தியம்மாளுக்குத் திடீரென்று மயக்கம் வந்தது. ஞாயிறுதோறும் பிறத்தியாரை நேசிப்பதைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறவள் அவள்.

கம்பவுண்டர் நல்லுசாமி மட்டும் கொஞ்சம் நாகரிகமாகத் தொண்டையைக் கனைத்தார்.

“ஊசி ஒண்ணுதானா சிஸ்டர்?”

“ஒண்ணுதான். ஒவ்வொரு ஆளுக்கும் கொதிக்க வச்சுத்தான் போடுவேன்.”

“அது சரி. சும்மா கேட்டேன்.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மாயம்மாள் உடம்பில் ஏறிய ஊசி தங்கள் உடம்பில் ஏறக்கூடாது. முட்டையும் மயக்கமும் அதற்குப் போட்ட போர்வை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஊசி வைத்திருந்த கிட்னி டிரேயைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

டாக்டரிடம் போனாள். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, “அந்தம்மாவுக்குக் கடைசில போடுங்க. விவகாரம் முடிஞ்சது” என்றார்.

“கடைசில மருந்து இருக்காது டாக்டர்.”

“இருக்கும், இருக்கும்.”

வெளியே மாயம்மாள் வாளியோடு நின்றிருந்தாள். “நான் கடைசியாவே போட்டுக்கிறேம்மா. இல்லாட்டியும் பரவால்ல. ஒங்களுக்கு எதுக்கு அம்புட்டு வம்பு” என்றாள். அந்தப் ‘பரவால்ல’தான் ஆனந்தமேரியை மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் ஒரு குறையும் இல்லாமல் எல்லாம் நடந்தது. ஆனந்தமேரி நாற்காலி போட்டு, கம்பவுண்டரை மரியாதையாக முதலில் உட்கார வைத்தாள். அவர் மாப்பிள்ளை மாதிரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். மலைச்சாமியின் விரதத்தையும் செபஸ்தியம்மாளின் மயக்கத்தையும் பற்றி யாரும் பேசவில்லை. கடைசி ஆள் எழுந்தபோது குப்பி காலி.

டாக்டர் எட்டிப் பார்த்தார். “மாயம்மாளுக்கு?”

“தீந்து போச்சு போலருக்கே” என்றார் நல்லுசாமி. முகத்தில் பெரிய வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

“அவளுக்கும் எனக்கும் விடியக்காலைலயே போட்டுட்டேன். மொதல்ல அவளுக்கு, அப்புறம் எனக்கு” என்றாள் ஆனந்தமேரி. வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த மாயம்மாளின் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. “இதே ஊசிதான். இருக்கிறது ஒண்ணுதானே.”

நல்லுசாமி மெல்ல எழுந்து குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்துக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தார். உள்ளே போன மருந்து எந்தச் சோப்புக்கும் வெளியே வருவதாக இல்லை.

ஆனந்தமேரி ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

“தேய்க்காதீங்க கம்பவுண்டர். வீங்கிரும்.”