கிளியனூர் தாண்டவராயன் பேரில் ஒரு சோடா

"வடை ஆறிப்போவுது பாரு. சாப்பிடு" என்றான் அப்பாதுரை.

"எனக்கு வாணாங்க. தொண்டையில இறங்காது."

"போன வாரம் இதே கடையில நாலு தின்ன."

"போன வாரம் எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றாள் பாஞ்சாலி.

நயா பைசா என்கிற புதுக்காசு வந்த மறுவருஷம் அது. விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு நாடகக் கம்பெனி கீற்றுக்கொட்டகை போட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் ஆட்டம் உண்டு. அதைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் ஒரு கும்பலே கிளம்பி வரும். கொட்டகை வாசலில் மசால் வடை வேகும். பட்டாணிச் சுண்டலில் மாங்காயைச் சீவிப் போட்டுத் தொன்னையில் கொடுப்பார்கள். வறுத்த மல்லாட்டைக் கடலை, சுக்குக் காபி, சிவப்பிலும் மஞ்சளிலும் கலர் பாட்டில்கள் என்று அந்தத் தெருவே திருவிழாவாக இருக்கும். அப்பாதுரை திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவன். ஆறு நாள் தூசியைத் தின்றுவிட்டு ஏழாம் நாள் வடை தின்ன வருவான். "நாடகம் உனக்கு, வாசல் எனக்கு" என்பான் பெண்டாட்டியிடம். அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்த ஒரே ஆடம்பரம் இதுதான்.

அப்படித்தான் போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். ராஜா சபைக்கு வருகிற காட்சியில், ஈட்டி பிடித்த சேவகன் ஒருவன் முன்னால் வந்து, ராஜா வருகிறார் என்று ஒரே ஒரு அடி பாடிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான். முகத்தில் அப்பிய வர்ணம், ஒட்டு மீசை. ஆனால் அந்தக் குரல்! கிளியனூரில் அப்பாவின் கிணற்றுமேட்டில், கவலையில் தண்ணீர் இறைக்கிற மாட்டை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டு பாடிய குரல் அது. கஞ்சி கொண்டுபோகிற பாஞ்சாலி வரப்பிலேயே நின்று அதைக் கேட்டிருக்கிறாள். நிற்கும்போது ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்துக்கொள்கிற வழக்கமும் அப்படியே இருந்தது. அவள் தம்பி பச்சைமுத்துதான்.

அவன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. இரும்பை என்ற ஊரில் கூத்து என்று கேள்விப்பட்டு, இறைத்துக்கொண்டிருந்த மாட்டைக் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டு ஓடினான். மாடு பக்கத்துக் கொல்லையில் இறங்கிக் கதிர் வந்த கேப்பையை மேய்ந்து தீர்த்துவிட்டது. அவர்கள் அப்பா தாண்டவராயன், பிள்ளை திரும்பி வந்ததும் புங்கமரத்தில் கட்டி வைத்து மாட்டுச் சாட்டையால் அடித்தார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. "இனிமே கூத்தாடி பின்னால போனீன்னா, எந்த ஊர்ல இருந்தாலும் நானே வந்து கட்டி இழுத்துக்கினு வருவேன்டா. காலை ஒடிச்சி மூலையில போடுவேன்" என்றார். மறுநாள் பையனைக் காணவில்லை.

அதற்குப் பிறகு அந்த மனிதர் ஆளே மாறிப்போனார். கூத்து என்றாலே காறித் துப்பியவர், சுற்று வட்டாரத்தில் எங்கே கூத்து நடந்தாலும் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். கதையையா பார்த்தார்? வேஷக்காரர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். இந்தத் தை மாதம் அவர் கண்ணை மூடியபோது, கொள்ளிச்சட்டி தூக்கப் பங்காளி வீட்டுப் பையனைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று. அம்மா வீரம்மாள் கிளியனூரில் தனியாக அந்தக் கொல்லையைக் காத்துக்கொண்டு கிடக்கிறாள்.

தம்பியிடம் இரண்டே சேதி சொல்ல வேண்டும் பாஞ்சாலிக்கு. அப்பா போய்விட்டார். அம்மா உன்னைப் பார்க்க உயிரை வைத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

போன வாரமே ஆட்டம் விட்டதும் அப்பாதுரை கொட்டகையின் பின்வாசலுக்குப் போய்க் கேட்டான். காவல்காரன் படல் கதவைத் திறக்கவே இல்லை.

"பச்சைமுத்துன்னு யாரும் இங்க கிடையாது. வாரத்துக்கு நாலு பேரு வந்துடறீங்க, புள்ளையக் காணோம், மச்சானைக் காணோம்னுக்கினு. இதே பேஜாரா போச்சு."

கம்பெனியில் சேர்கிறவனுக்கு வேறு பேர் வைத்துவிடுவார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டுக்காரர்கள் வந்து பையன்களை இழுத்துக்கொண்டு போனால் வேஷம் கட்ட ஆள் ஏது? அதனால் தேடி வருகிற யாரையும் உள்ளே விடுவதில்லை. ஒரு பெண்பிள்ளை அந்தப் பின்வாசலில் போய் நிற்பதோ நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

வாரம் முழுக்க யோசித்ததில் பாஞ்சாலிக்குப் பிடிபட்ட வழிதான் சோடா.

நாடகம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பாட்டோ வேஷமோ மனசுக்குப் பிடித்துவிட்டால், சோடாக்காரனைக் கூப்பிட்டு அந்த நடிகனுக்கு ஒரு சோடா அனுப்புவார்கள். பபூன் அதை மேடையிலேயே வாங்கி, இன்ன ஊர் இன்னார் அனுப்பிய சோடா என்று கொட்டகை அதிரச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பான். யாரையும் உள்ளே விடாவிட்டால் என்ன? ஒரு பேர் உள்ளே போகுமே.

கொட்டகை வாசலில் சோடா விற்கிற ராயப்பனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"சேவகனுக்கா? ராஜாவுக்கே இன்னிக்கி யாரும் சொல்லல. சரி, யார் பேருல அனுப்பறது?"

"பாஞ்சாலின்னு சொல்லுங்க."

ராயப்பன் சிரித்துவிட்டான். "இன்னாம்மா நீ. பொம்பளை பேரை மேடையில சொல்றதா? கொட்டகையே விசிலடிக்கும். உன் வூட்டுக்காரர் பேரைச் சொல்லு."

பாஞ்சாலி திகைத்தாள். தம்பி போன பிறகுதான் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. திண்டிவனம் அப்பாதுரை என்றால் அவனுக்கு யாரென்று தெரியும்?

"எங்கப்பா பேரைச் சொல்லுங்க" என்றாள். "கிளியனூர் தாண்டவராயன்."

"அதான் சரி" என்றான் அப்பாதுரை. "பெத்தவர் பேர் காதுல விழுந்தா எவனும் திரும்பிப் பார்ப்பான்."

"பெரியவரு வந்திருக்காரா?" என்று கேட்டான் ராயப்பன்.

தம்பிக்கு வாங்கித் தருகிற முதல் சோடா. அதைக் கையில் வைத்துக்கொண்டு சாவைப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. "பேரை மட்டும் சொல்லுங்கண்ணா. போதும்" என்றாள்.

உள்ளே பெண்களுக்குப் பாய், ஆண்களுக்குப் பெஞ்சு, நடுவில் மூங்கில் தடுப்பு. அப்பாதுரை அந்தப் பக்கம் போய்விட்டான். பாஞ்சாலி மேடைக்கு நேராக இடம் பிடித்து, அவன் பார்த்தால் தெரியட்டும் என்று முக்காட்டை விலக்கி உட்கார்ந்துகொண்டாள்.

சேவகன் வந்தான். பாடினான். ஒதுங்கி நின்று காலின்மேல் காலை வைத்துக்கொண்டான். ராயப்பன் மேடையோரம் போய்ச் சோடாவைப் பபூனிடம் நீட்டி அவன் காதில் ஏதோ சொன்னான். பபூன் பாட்டிலை உயரத் தூக்கினான்.

"மகா ஜனங்களே! ராஜாவை விட்டுட்டு சேவகனுக்கு ஒரு சோடா வந்திருக்குது. ராஜா கோவிச்சுக்கப்படாது." கொட்டகை சிரித்தது. "கிளியனூர் மிராசுதார், தாண்டவராயன் அவர்கள், இந்தச் சேவகனைப் பார்க்கணும்னே நேர்ல வந்து உக்காந்துக்கினு அனுப்பின சோடா இது!"

மிராசுதாரும் நேரில் வந்ததும் பபூன் சேர்த்துக்கொண்டது. எந்தச் சோடாவுக்கும் அவன் அப்படித்தான் சொல்வான்.

பாஞ்சாலி தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெஞ்சுப் பக்கத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தான். பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை. நீட்டிய சோடாவை வாங்காமல் பின்னுக்கு நடந்து திரைக்குள் போய்விட்டான்.

கேட்டுவிட்டான், இதோ வரப்போகிறான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அடுத்த காட்சியில் ராஜா "யாரங்கே" என்று கைதட்டினார். யாரும் வரவில்லை. மறுபடி கைதட்டினார். "சோடா குடிக்கப் போனவன் இன்னும் வரலீங்க மகாராஜா" என்று பபூன் சமாளிக்க, கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. பாஞ்சாலியும் சிரித்தாள், பாவம்.

ஆட்டம் பாதியிலேயே அவள் எழுந்து வெளியே வந்தாள். அப்பாதுரையும் வந்தான். பின்வாசல் படல் திறந்து கிடந்தது. ஆர்மோனியம் வாசிக்கும் பூமாலை வெளியே நின்று காவல்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சேவகன் தம்பி எங்கேங்க?" என்று அப்பாதுரை கேட்டான்.

"அவனா? அப்பன் வந்துட்டாரு, கட்டி இழுத்துக்கினு போயிடுவாருன்னு நடுங்கிக்கினு வந்தான். சட்டையைக்கூட சரியா மாட்டல. மூஞ்சில வர்ணத்தோட ஸ்டேஷன் பக்கம் ஓடிட்டான். நல்ல பையன்யா. எந்தப் பாவி மனுஷன் சோடா அனுப்பினாரோ."

பாஞ்சாலிக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாதுரை அவள் கையைப் பிடித்து இழுத்தான். "அழுவாத. ஜல்தி நட. ஸ்டேஷன்ல புடிச்சிடலாம்."

ஓடினார்கள். ஆனால் விழுப்புரம் ஸ்டேஷன் ஒற்றை வண்டி வந்துபோகிற ஊர் ஸ்டேஷனா? மதராசுக்கும் திருச்சிக்கும் காட்பாடிக்கும் பாண்டிச்சேரிக்கும் தண்டவாளம் பிரிகிற இடம். மூஞ்சியில் வர்ணம் பூசின பையன் ஒருவன் ஓடினதைப் போர்ட்டர் பார்த்திருந்தார்.

"எந்த வண்டியில ஏறினான்?"

"ரெண்டு வண்டி நின்னுக்கினு இருந்துது தம்பி. நடுவுல பூந்து போனான். எதுல ஏறினான்னு நான் கவனிக்கல. ரெண்டும் போயிடுச்சே."

பாஞ்சாலி பெஞ்சில் உட்கார்ந்தாள். "அவரு செத்துட்டாருன்னு அவனுக்கு யாருங்க சொல்லுவாங்க? அப்பா துரத்திக்கினே வர்றாருன்னு ஆயுசு பூரா ஓடுவானே."

அப்பாதுரை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். நாலு பேர் பார்ப்பார்களே என்றுகூட நினைக்கவில்லை.

பச்சைமுத்து திரும்பி அந்தக் கம்பெனிக்கு வரவில்லை. மறுவருஷம் வீரம்மாளும் போய்விட்டாள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அப்புறம் எத்தனையோ கம்பெனிகள் வந்தன. பாஞ்சாலி ஒன்றையும் விடவில்லை. வெட்கத்தை விட்டாள். ஒவ்வொரு கம்பெனியின் பின்வாசலிலும் தானே போய் நின்று, படலுக்கு வெளியிலிருந்து பேசினாள்.

"யாரையும் கூப்பிட வேணாங்க. யாரையும் காட்டவும் வேணாம். உள்ளே இருக்கறவங்க எல்லார் காதுலயும் ஒண்ணு போட்டு வைங்க. கிளியனூர் தாண்டவராயன் செத்துட்டாரு. நல்லபடியா செத்தாரு. கோவம் எதுவும் வச்சிக்கினு போகல."

முதலில் சிரித்தார்கள். பிறகு அவளைக் கண்டால் காவல்காரர்களே எழுந்து நின்றார்கள். வேஷக்காரர்கள் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது இந்தச் சேதியும் கூடவே போயிற்று. ஏழெட்டு வருஷத்தில் தென்னாற்காட்டிலும் செங்கல்பட்டிலும் தஞ்சாவூரிலும், அவர் முகத்தையே அறியாத எத்தனையோ நடிகர்களுக்குக் கிளியனூர் தாண்டவராயன் செத்துப்போனது தெரிந்திருந்தது.

தெரிய வேண்டியவனுக்குத் தெரிந்ததா என்று மட்டும் ஒருவரும் வந்து சொல்லவில்லை.