ஊர் சொல்லாத பேர்

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்த அன்றைக்குக் கமலாத்தாள் ஒரு தப்புச் செய்தாள். பேரை மட்டும் சொன்னாள்.

பேர் பூபதிராஜா. ஊர் தெரியாது, அப்பன் பேர் தெரியாது, ஆள் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது. மீனாட்சிபுரத்து ரோட்டில் அவள் புருஷன் ஆறுமுகசாமியை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போன காய்கறி வேனின் பின்கண்ணாடியில் அந்தப் பேர் இருந்தது, அவ்வளவுதான். பால் கேன்களைச் சொசைட்டியில் இறக்கிவிட்டு, ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் பூவாத்தாள் கடையில் டீ குடிக்க ரோட்டைக் கடந்த மனுஷன். டீ ஆறிக்கிடந்தது, ஆள் போய்ச் சேர்ந்தார்.

பார்த்தது டீக்கடைப் பூவாத்தாள் ஒருத்திதான். "மஞ்சக் கலர்ல பூபதிராஜான்னு எழுதியிருந்துச்சுங்க. நம்பரைப் பாக்கறதுக்குள்ள வளைவு திரும்பிப் போயிருச்சு" என்று எல்லோரிடமும் சொன்னாள். அன்றைக்கு நல்ல மழை. வழியில் இருந்த கேமரா எதிலும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. கேரளா ஸ்டேஷனில் 'அன்வேஷணம்', அதாவது விசாரணை, நடக்கிறது என்றார்கள். இரண்டாம் முறை போனபோதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

மனுஷன் கைவிட்டால் அம்மனிடம்தானே போக வேண்டும். அமாவாசையன்று ஆனைமலைக்குப் போனாள். காய்ந்த மிளகாயைத் தண்ணீர் தெளித்து அரைத்தாள். அரைக்க அரைக்கக் கண்ணும் மூக்கும் ஒழுகின. புருஷன் செத்த அன்று வராத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. பக்கத்துக் கல்லில் நகை திருடு போனதற்காக அரைத்துக்கொண்டிருந்த ஒருத்தி காதைக் கொடுத்துக் கேட்டிருந்தாள் போலிருக்கிறது.

"பேரையும் ஊரையும் சேத்திச் சொல்லுங்கக்கா. மொட்டையாப் பேரைச் சொன்னா அம்மா எங்கீன்னு போய்த் தேடுவா?"

"தேடட்டும்" என்றாள் கமலாத்தாள். "இந்தப் பேர்ல என்ன, ஊருக்கு நூறு பேரா இருக்கறானுங்க?"

விழுதை அள்ளி நீதிக்கல்லில் பூசினாள். அவன் உடம்பு எரிய வேண்டும், நின்ற இடத்தில் நிற்க முடியாமல் எரிய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். காரியம் நடந்ததும் வந்து எண்ணெய்க்காப்புச் செய்து அம்மனைக் குளிர வைக்கிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தப் பேர் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தது அன்று மாலைதான் தெரிந்தது. மகள் மௌனிகா பொள்ளாச்சியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அப்பன் போன பிறகு விடியக்காலை பால் ஆட்டோவை ஓட்டிக் கேன்களைச் சேர்ப்பதும் அவள்தான். புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் தமிழ்ப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கைகளில் மிளகாய்க் காந்தல் தீராமல் மோரில் விரல்களை முக்கிக்கொண்டிருந்த கமலாத்தாள் அட்டையை எட்டிப் பார்த்தாள். தலைப்புக்குக் கீழே பூபதிராஜா என்று இருந்தது.

"இது யாரு கண்ணு?"

"புக் எழுதுனவரும்மா. சித்திரபுரத்துக்காரரு. ஞாயித்துக்கெழமை வீடியோல கிளாஸ்கூட எடுப்பாரு."

"வண்டி வச்சிருக்கறானா?"

மௌனிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. போனை எடுத்து அந்தப் பேரைப் போட்டுத் தேடி அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். தேனிப் பக்கம் கபடி ஆடுகிற ஒரு பையன். பென்ஷன் வாங்கும் ஒரு தலைமையாசிரியர். துபாயில் நிற்கிற ஒருவன், அவன் பக்கத்தில் ஒரு ஒட்டகம். "இவங்க எல்லாருமே பூபதிராஜாதான். அத்தனை பேருமா எங்கப்பாவை இடிச்சாங்க?"

கமலாத்தாள் ஒட்டகக்காரனை மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

அடுத்த வாரம் குமுளி ஏலக்காய்க் கடைக்காரர் செத்துப்போனார். கண்ணீர் அஞ்சலிப் படத்தைப் போனில் பார்த்த மௌனிகா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டாள். சாகிற அன்றைக்கு நெஞ்சு எரிகிறது என்றாராம்.

"அவருக்கு எழுபத்தஞ்சு வயசும்மா. அந்த வயசுல நெஞ்சு எரியத்தான் செய்யும்."

"ஆமா, எரியும்" என்றாள் கமலாத்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகக்காரரின் கிளாஸ் நடக்கவில்லை. உடம்பெல்லாம் எரிச்சல், அக்கி கண்டிருக்கிறது, மன்னிக்கவும் என்று ஒரு வரி போட்டிருந்தார். மௌனிகா இந்த முறை சொல்லாமல் மறைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் காதில் ஒயர் மாட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கமலாத்தாளே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பயம் பிடித்துக்கொண்டது. புருஷனைக் கொன்றவன் எங்கேயோ காய்கறி ஏற்றிக்கொண்டு சுகமாகத் திரிய, அவள் அனுப்பியது ஊர் ஊராக அந்தப் பேரைத் தட்டிக்கொண்டு போகிறது. போய் அம்மனைக் குளிர வைத்துவிடலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் அவனும் அல்லவா தப்பித்துக்கொள்வான்? அவன் தப்பக் கூடாது. மற்றவர்களும் சாகக் கூடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் தவித்த தவிப்பில் மாடுகூட ஒழுங்காகப் பால் விடவில்லை.

"அந்தப் புத்தகக்காரனை என்ற கண்ணுல ஒருக்கா பாக்கோணும்" என்றாள்.

உடுமலை போய், மறையூர் ஏறி, மூணாறு இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துச் சித்திரபுரம் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மின்வாரியக் குடியிருப்பில் அவருடைய வீடு. மனைவி சித்ராவுக்கு அங்கேதான் வேலை. வாசகி ஒருத்தி அம்மாவோடு பார்க்க வருகிறாள் என்று மௌனிகா முன்பே செய்தி அனுப்பியிருந்ததால் அவர்களுக்கு ஏக சந்தோஷம். பூபதிராஜா சட்டை போட முடியாமல் ஒரு வேட்டித் துண்டைத் தோளில் தளர்வாகப் போர்த்திக்கொண்டு வந்தார். விலாவில் அக்கிக்குக் காவி பூசியிருந்தது. நாற்பது வயது இருக்கலாம். சாதுவான முகம்.

"உக்காருங்கக்கா. அம்புட்டுத் தூரத்துல இருந்தா வந்திருக்கீக? மருந்தும் சாப்பிடுதேன், காவியும் எழுதியாச்சு. எரிச்சல்தான் விடமாட்டேங்குது. உள்ளுக்குள்ள மொளகாய அரச்சுத் தடவுன மாதிரி இருக்கு."

கமலாத்தாள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மௌனிகா அவசரமாகப் பேச்சை மாற்றி, சார் பேரில் நிறையப் பேர் இருக்கிறார்களே என்று எதையோ உளறினாள். மாற்ற நினைத்த பேச்சே அதுதான் என்பது அவளுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

மனுஷருக்கு அது பிடித்த பேச்சு. "அதை ஏன் கேக்கீக? எனக்கு வார போன்ல பாதி எனக்கு இல்ல. கபடிப் பயல டீமுக்குக் கேட்டு என்னையக் கூப்பிடுதாக. ரெண்டு வாரம் முன்னாடி குமுளிக்காரர் தவறினப்போ எங்க வீட்டுக்கே ரெண்டு பேரு துஷ்டி கேக்க வந்துட்டாக. சித்ரா சிரிச்சுட்டா, நான் சிரிக்கல." டீயை நீட்டிய சித்ரா இப்போதும் சிரித்தாள். "ஆனா ஒருத்தரு மட்டும் தெரிஞ்சே கூப்பிட்டாரு. கொழிஞ்சாம்பாறைக்காரரு, பேரு நஞ்சப்பன். அவரு மகன் பேரும் பூபதிராஜாவாம். தன் பேர்ல புஸ்தகம் வந்திருக்குன்னு பய ஒரே அடமாம். கையெழுத்துப் போட்டு அனுப்பி வச்சேன். போட்டோ எடுத்து அனுப்பினாக பாருங்க."

போன் கைமாறியது. பத்து வயதுப் பையன். முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு வேனின் பின்னால் நின்று சிரித்தான். அவன் தலைக்கு மேலே கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் பூபதிராஜா.

கமலாத்தாள் டீயைக் கீழே வைத்தாள். வண்டிக்குப் பிள்ளைகள் பேரை எழுதுவது உலகத்துக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா? பால் ஆட்டோவின் முதுகில் 'மௌனிகா' என்று பெயிண்டரை வைத்து எழுத வைத்தபோது, எழுத்து இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆறுமுகசாமியோடு சண்டை போட்டவளே அவள்தான். தினமும் அதன் முன்னால்தான் சாணி அள்ளுகிறாள். துக்கம் கண்ணை மறைத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அவள் அரைத்த மிளகாய் ஓட்டினவனுக்கு அல்ல, இந்தப் பல் முளைக்கிற பையனுக்கு.

"இந்தப் பையன்... நல்லா இருக்கறானுங்களா?" என்றாள்.

பூபதிராஜாவின் முகம் வாடியது. "இல்லக்கா. கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரில கெடக்கான். என்ன காய்ச்சல்னே தெரியலையாம், உடம்பு அனலாக் கொதிக்குதாம். நேத்துகூட அவுக அப்பா போன்ல அழுதாக."

மௌனிகா அப்போது எல்லாவற்றையும் சொன்னாள், மிளகாயைத் தவிர. அவர் நஞ்சப்பனின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் மௌனிகாதான் போன் போட்டாள். "நான் மீனாட்சிபுரம் ஆறுமுகசாமி மக பேசறனுங்க" என்றாள். அந்தப் பக்கம் வெறும் பஸ் சத்தமும் மூச்சும்தான் கேட்டன. கொஞ்ச நேரத்தில் அதுவும் அறுந்தது.

"ஸ்டேஷனுக்குச் சொல்லீரலாம்மா."

"சொல்லலாம். விடியட்டும்."

விடிந்தபோது அவனே வந்து நின்றான். கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்த கமலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். மழிக்காத தாடி, கசங்கிய சட்டை. உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை நாள் இந்த முகத்துக்கு எத்தனை வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நான்தானுங்கக்கா. நஞ்சப்பன். மழைல தெரீலீங்க. தெரிஞ்சப்ப நிக்கறதுக்குத் தைரியம் வரலீங்க." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். "ஒரு மாசம் வண்டியச் செட்டுக்குள்ள மறைச்சு வச்சிருந்தனுங்க. வெளிய எடுக்கோணும்னா பேரை அழிக்கோணும்னு பிளேடு வச்சுச் சுரண்டுனேன். பையன் பாத்துட்டான். என்ற பேரை ஏம்ப்பா அழிக்கறீங்கன்னு கேட்டானுங்க. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள காச்சலு. நான் பேரை அழிச்சதுதானுங்க அவனைப் புடிச்சிருச்சு."

"எந்த நாளு?"

"அமாவாசைங்க."

சாணிக்கூடை அவள் கையிலிருந்து இறங்கியது. "அன்னிக்குத்தான் நான் ஆனைமலைல மொளகா அரைச்சேன்" என்றாள். "கண்ணாடில இருந்த பேருக்கு."

நஞ்சப்பன் கேட்டின் கம்பியைப் பிடித்தபடியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஆறுதல் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவன்மேல் இருந்த வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. அதே அளவுக்கு இப்போது அவள்மேலும் இருந்தது.

"எந்திரி" என்றாள். "எண்ணெ ஊத்தீட்டு வரலாம். அங்கிருந்து நேரா ஸ்டேஷனுக்கு வரோணும். நீ தப்பிச்சரலாம்னு நெனைக்காதே."

"வர்றனுங்க. எங்க வேணும்னாலும் வர்றனுங்க."

சமையல்கட்டில் இருந்த நல்லெண்ணெயைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டாள். மௌனிகா ஆட்டோவை எடுத்தாள். அம்மா பக்கத்தில் ஒடுங்கி உட்கார, பின்னால் காலிப் பால் கேன்களுக்கு நடுவே நஞ்சப்பன் குந்திக்கொண்டான். ஆனைமலை போகிற வழியெல்லாம் ஆட்டோவின் முதுகில் மகள் பேர் ஊருக்குத் தெரிய வருகிறதே என்ற நினைப்பு கமலாத்தாளை உறுத்திக்கொண்டே வந்தது. ஆறுமுகசாமி யார்மேலாவது, எப்போதாவது, தெரியாமல் உரசியிருப்பாரா? கேட்டால் சொல்வதற்கு அவர் இல்லை.

நீதிக்கல் சிவப்பாக இருந்தது. அவள் பூசியதற்கு மேல் எத்தனையோ பேர் வந்து பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அதில் அவளுடையது எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இன்னும் பச்சையாக வழிந்துகொண்டிருந்த விழுதின்மேல் எண்ணெயை ஊற்றினாள். சிவப்பு கரைந்து விரல்களுக்கிடையே இறங்கியது. இந்த முறை தப்பு நடக்கக் கூடாது.

"ஊரு பேரு முழுசாச் சொல்லு" என்று நஞ்சப்பனைக் கேட்டாள்.

அவன் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள். கொழிஞ்சாம்பாறை. நஞ்சப்பன் மகன். பத்து வயது. பூபதிராஜா. அவனை விட்டுவிடு தாயே. குமுளிப் பெரியவருக்கு இனிச் சொல்லிப் பயனில்லை. சித்திரபுரத்துக்காரருக்கும் சேர்த்துச் சொன்னாள், ஊரோடு.

முடிப்பதற்குள் நஞ்சப்பனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் பையனோடு இருக்கும் அவன் பொண்டாட்டி. பச்சையை அமுக்க அவன் விரல் வளையவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கும்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க கேளுங்கக்கா" என்று அவளிடம் நீட்டினான்.

மகளைத் திரும்பிப் பார்த்தாள். மௌனிகா தலையைக் குனிந்துகொண்டாள். கமலாத்தாள் எண்ணெயும் மிளகாயும் வழிகிற கையோடு போனை வாங்கிக் காதில் வைத்தாள்.