எனக்கு எதுவானாலும் சரி

மனித குலத்தின் மகத்தான முடிவுகள் யாவும் ஒன்றுகூடிப் பேசி எடுக்கப்பட்டவையே என்று எங்கள் துணைத்தலைவர் லோவெல் ப்ராண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெர்னடீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் ஒமாஹாவிலிருந்து வயோமிங் எல்லைவரை எல்லோருக்கும் கேட்டது.

அது திங்கட்கிழமைக் கூட்டழைப்பு. நாங்கள் சோளக்காட்டுக்கு நீர் பாய்ச்சும் இயந்திரங்கள் விற்பவர்கள். நெப்ராஸ்கா முழுக்கச் சிதறிக் கிடப்பதால் வாரம் ஒருமுறை அவரவர் வீட்டிலிருந்தே தொலைபேசியில் கூடுவோம். இனி எந்த எண்ணில் கூடுவது என்பதுதான் அன்றைய மகத்தான முடிவு. கட்டணமில்லா எண் என்றால் எல்லோருக்கும் சேர்த்துக் கம்பெனி கொடுக்கும். கட்டண எண் என்றால் அவரவர் வீட்டு பில்லில் விழும்.

"கட்டணமில்லா எண்ணையே வெச்சுக்கலாம். ஆனா அந்தச் செலவை வேற எங்கயாவது குறைக்கணும்," என்றார் லோவெல். "வேலன்டைன் பகுதியை மூடிடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க."

வேலன்டைன் ஊர்ப் பகுதி என்றால் அங்கே விற்கும் ஆர்லோ ஃபென்ஸ்கே. வேறு ஆள் கிடையாது. போன இலையுதிர்காலத்தில் மனைவியைப் புதைத்தவன். அவனும் இணைப்பில்தான் இருந்தான்.

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்க," என்றார் லோவெல்.

மனசில் இருப்பதைச் சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு.

"எனக்கு எதுவானாலும் சரி," என்றாள் பெர்னடீன். குழாயை மூடிவிட்டிருந்தாள்.

"எனக்கும்தான். மத்தவங்க எப்படியோ அப்படி," என்றான் டெல்பர்ட்.

நானும் அதையே சொன்னேன்.

"ஆர்லோ, நீ?"

"எனக்கும் எதுவானாலும் சரிதான்."

எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள். லோவெல் நியூ ஜெர்சிக்காரர், அவருக்கு அது தெரியாது. "அப்ப ஏகமனதா கட்டணமில்லா எண்! உங்க நேர்மைக்கு நன்றி," என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

நாங்கள் வைக்கவில்லை. முதலில் வைப்பவர் பண்பில்லாதவர் என்பது இங்கே எழுதாத சட்டம்.

"சரி, அப்புறம்..." என்றான் டெல்பர்ட்.

"ம். கிளம்பணும்தான்," என்றான் ஆர்லோ.

"அங்க மழை உண்டா?"

"தூறல்."

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி விடேன். சும்மா வேண்டாம், டோனட் வாங்கித் தர்றேன்."

"நீ வாங்கித் தர்றேன்னு சொன்ன டோனட்டையெல்லாம் சேர்த்தா இந்நேரம் ஒரு கடை வைக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் யாரும் வைக்கவில்லை.

"ஆர்லோ, என் காசரோல் பாத்திரம் உன்கிட்டதான் இருக்கு," என்றாள் பெர்னடீன். அவன் மனைவியின் சாவு வீட்டுக்கு அதில்தான் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள்.

"கழுவி வெச்சிருக்கேன்."

"அவசரமில்ல."

இப்படியே போனது. கூட்டத்தைவிட விடைபெறுதல் நீளமாகிவிட்டது. அவன் வேலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாரா வாரம் அவனுக்கு போன் செய்வதாக மட்டும் ஒவ்வொருவராக வாக்குக் கொடுத்தோம். டெல்பர்ட் இரண்டு முறை கொடுத்தான்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், நானே வெச்சிடறேன்," என்றான் ஆர்லோ. வைத்தான்.

ஆர்லோவின் வீட்டு எண்ணுக்கு அழைத்தால் கட்டணம் உண்டு; அது அவரவர் வீட்டு பில்லில் விழும்.